உருகிய உப்பிலிருந்து டிரிட்டியம் வெளியேறுவதை அளக்கும் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சோதனை எதற்கு? டிரிட்டியம் உண்டாகும் அளவைக் கணினியே கணக்கிட்டுவிடாதா?

டிரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு, இணைவு உலையின் எரிபொருள்களில் ஒன்று. உண்டாகும் அளவைக் கணினி ஓரளவு நன்றாகவே சொல்லிவிடும். உப்பை விட்டு அது எப்போது வெளியே வரும், எந்த வேதி வடிவில் வரும், எந்த வழியாக வரும் என்பதைச் சொல்லாது.

டியூட்டீரியம்–டிரிட்டியம் இணைவு உலை ஒன்று 1 கிகாவாட் இணைவுத் திறனில் ஓராண்டு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 56 கிலோ டிரிட்டியத்தை எரிக்கும். கனநீர் உலைகளின் துணைவிளைபொருளாக உலகில் சேர்ந்திருக்கும் மொத்த இருப்போ சில பத்து கிலோதான். அதனால் உலை தனக்கு வேண்டியதைத் தானே, நியூட்ரான் பட்ட லித்தியத்திலிருந்து ஈன வேண்டும். இங்கே பேசப்படும் முறையில் அந்த லித்தியம் உருகிய உப்பில் இருக்கிறது. ஒரு நியூட்ரானுக்கு எத்தனை டிரிட்டியம் அணு உண்டாகிறது என்பதே டிரிட்டியம் ஈனும் விகிதம், சுருக்கமாக டி.பி.ஆர். உலையில் இது 1-க்கு மேல் இருந்தாக வேண்டும். ஆனால் விகிதம் 1.1 என்று தாளில் வந்தாலும், பிறந்த டிரிட்டியம் வாரக்கணக்கில் உப்புக்குள்ளேயே தங்கினாலோ, குழாய்ச் சுவரைத் துளைத்துக் கட்டடத்துக்குள் போனாலோ அதனால் பயனில்லை. ஆகவே டி.பி.ஆர்., வெளியேறும் வேகம், வேதி வடிவம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் அளப்பதே நோக்கம்.

இந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டாக அடிக்கடி வருவது எம்.ஐ.டி.யின் ‘பேபி’ சோதனை. சுமார் 1 டன் உப்பைக் கொண்டு செய்யத் திட்டமிட்ட ‘லிப்ரா’வுக்கு முன்னோட்டம் அது. முதலில் 100 மி.லி. உப்பு, பிறகு 1 லிட்டர் என்று படிப்படியாகப் போனார்கள்.

சோதனையை எங்கிருந்து வடிவமைக்கத் தொடங்குவது?

கடைசிக் குப்பியிலிருந்து, அதாவது வெளியேறிய டிரிட்டியத்தைப் பிடித்து எண்ணும் தண்ணீர்க் குப்பியிலிருந்து. மூசை (உப்பை உருக்கும் கலம்) எவ்வளவு பெரிது, அதைச் சூடாக்கும் உலை எந்த வகை என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் எண்ணியின் அளவீட்டு எல்லையில் வந்து முட்டிக்கொள்வார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

மூடிய குழாய் வகை நியூட்ரான் ஜெனரேட்டர் நொடிக்கு 10⁸ நியூட்ரான் தருகிறது என்று கொள்வோம். 12 மணி நேரத்துக்கு 4.3 × 10¹² நியூட்ரான். ‘பேபி’யின் 100 மி.லி. ஓட்டங்களில் கிடைத்த டி.பி.ஆர். 3.57 × 10⁻⁴. அதாவது 10,000 நியூட்ரானுக்கு மூன்று நான்கு அணு. உப்பு சிறிது, பெரும்பாலான நியூட்ரான் அதைத் தொடாமலே போய்விடும் என்பதால் எண் இவ்வளவு சிறிது. ஆக மொத்தம் 1.5 × 10⁹ டிரிட்டியம் அணு. டிரிட்டியத்தின் அரைவாழ்வுக் காலம் 12.32 ஆண்டு என்பதால் 1 பெக்கரலுக்கு (நொடிக்கு ஒரு சிதைவு) 5.6 × 10⁸ அணு தேவை. கையில் இருப்பது வெறும் 2.7 பெக்கரல்.

இந்த 2.7 பெக்கரலை நாளுக்கு 4 குப்பி வீதம் 8 நாளுக்குப் பிரித்தால் குப்பிக்குச் சராசரி 0.09 பெக்கரல். நல்ல திரவ சிண்டிலேஷன் கவுண்டரில் (சிதைவு ஒவ்வொன்றையும் ஒளிப்பொறியாக்கி எண்ணும் கருவி) பின்னணி நிமிடத்துக்கு 2 எண்ணிக்கை, திறன் 25 சதவீதம், எண்ணும் நேரம் 100 நிமிடம் என்றால் கண்டறியத்தக்க குறைந்தபட்ச அளவு ஏறத்தாழ 0.05 பெக்கரல். விளிம்பிலேயே நிற்கிறோம். எனவே குப்பியை நாள்தோறும் மாற்றாமல், கதிர்வீச்சு முடிந்த 12 மணி நேரம், 1 நாள், 2 நாள், 4 நாள், 8 நாள் என்று விரித்துக்கொண்டே போவது நல்லது. போதவில்லையென்றால் கதிர்வீச்சு நேரத்தையோ உப்பின் அளவையோ கூட்டுங்கள். எண்ணும் நேரத்தை நான்கு மடங்காக்கினாலும் எல்லை பாதியாகத்தான் குறையும்.

எந்த உப்பை எடுப்பது?

இலக்கு ஃபிளைப்: 2 பங்கு லித்தியம் ஃபுளோரைடு, 1 பங்கு பெரிலியம் ஃபுளோரைடு. உருகுநிலை 459 டிகிரி (இந்தப் பக்கத்தில் எல்லா வெப்பநிலையும் செல்சியஸ்). எம்.ஐ.டி. 2015-இல் முன்வைத்த ‘ஆர்க்’ உலை வடிவமைப்பு, இணைவுக் கலத்தையே இந்த உப்புத் தொட்டியில் அமிழ்த்தி வைப்பது. ஆனால் பெரிலியம் நுரையீரலுக்கு நஞ்சு. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிர்வாகம் 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. அந்த அளவுக்கு அடைப்பும் காற்று மாதிரிச் சோதனையும் உங்களிடம் இல்லையென்றால் ஃபிளைப்பில் தொடங்காதீர்கள்.

‘பேபி’ தொடங்கியது லித்தியம் குளோரைடு–லித்தியம் ஃபுளோரைடு கலவையில். ஏறத்தாழ 70:30 மோல் விகிதம், உருகுநிலை 500 டிகிரியை ஒட்டி. பெரிலியம் இல்லை. 100 மி.லி.க்கு 155 கிராம் அளவு உப்பு. அதில் லித்தியம் 29 கிராம். அதே கொள்ளளவு ஃபிளைப்பில் 27 கிராம்தான். லித்தியம் அடர்த்தியைப் பொறுத்தவரை நல்ல மாற்று. வேதியியலில் மாற்று ஆகாது: ஃபிளைப்பில் பெரிலியம் ஆக்சிஜனேற்ற நிலையை நிர்ணயிக்கும், இதில் அந்த வசதி இல்லை.

லித்தியத்தோடு சோடியமும் பொட்டாசியமும் உள்ள ஃபுளோரைடு உப்பான ஃபிளினாக் 454 டிகிரியில் உருகும், கையாள எளிது. ஆனால் லித்தியம் குறைவு. நியூட்ரான் பட்டால் சோடியம்-24 வேறு உண்டாகும். கரைதிறன், ஊடுருவல் அளவீடுகளுக்குச் சரி; டி.பி.ஆர்.க்கு வேண்டாம்.

எந்த உப்பாக இருந்தாலும் லித்தியத்தின் ஐசோடோப்பு விகிதத்தை நிறைநிரலியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) அளந்துவிடுங்கள். இயற்கையில் லித்தியம்-6 சுமார் 7.5 சதவீதம். ஆனால் கடையில் வாங்கும் லித்தியம் வேதிப்பொருள் சிலவற்றில் லித்தியம்-6 ஏற்கெனவே உருவி எடுக்கப்பட்டிருக்கும். 2 சதவீதம்வரைகூட இறங்கியிருக்கலாம். லித்தியம்-6 மெதுவான நியூட்ரானிலும் டிரிட்டியம் தரும். லித்தியம்-7-க்குக் குறைந்தது 2.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். விகிதம் தெரியாமல் கணினி மாதிரியோடு ஒப்பிடுவது வீண் வேலை.

உப்பை எப்படி உலர்த்துவது? அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். லித்தியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும் ரகம். ஈரத்தோடு சூடாக்கினால் நீராற்பகுப்பு நடந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். உப்பில் ஹைட்ராக்சைடும் ஆக்சைடும் தங்கும். அமிலம் மூசையை அரிக்கும். தங்கிய ஹைட்ராக்சைடு டிரிட்டியத்தோடு இடம் மாற்றிக்கொண்டு அதை நீர் வடிவில் அனுப்பும். பிறகு உங்கள் ‘வேதி வடிவம்’ என்ற முடிவு உப்பைப் பற்றியதல்ல, ஈரத்தைப் பற்றியது.

நடைமுறை: ஆக்சிஜனும் ஈரமும் 1 பி.பி.எம்.க்குக் கீழே உள்ள ஆர்கான் கையுறைப் பெட்டியில் எடை போடுங்கள். மூசையில் இட்டு வெற்றிடத்தில் 120 டிகிரியில் ஒரு நாள், அழுத்தம் தணிந்த பிறகே மெதுவாக 250 டிகிரிக்கு ஏற்றி இன்னொரு நாள். அழுத்தமானி உயரும் போதெல்லாம் ஏற்றுவதை நிறுத்திக் காத்திருங்கள். மணிக்கணக்கு அல்ல, அழுத்தமே அளவுகோல். ஃபுளோரைடு உப்புகளுக்கு ஹைட்ரஜன் ஃபுளோரைடு–ஹைட்ரஜன் கலவையை உருகலுக்குள் குமிழியிட்டுச் சுத்தம் செய்வது ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் உருகு உப்பு உலைக் காலத்திலிருந்து வரும் முறை. சிறந்தது, ஆனால் அதற்கென்று தனி ஆய்வகமே வேண்டும்.

கல்பாக்கத்தில் எரிபொருள் மறுசுழற்சிக்காக லித்தியம் குளோரைடு–பொட்டாசியம் குளோரைடு உருகலோடு வேலை செய்பவர்களுக்கு இந்த உலர்த்தும் பாடமெல்லாம் பழக்கமானதுதான்.

மூசையும் உலையும் எப்படி இருக்க வேண்டும்?

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் பிறகு மாற்றுவது கடினம்.

மூசைக்கு நிக்கல் கலப்புலோகம், எடுத்துக்காட்டாக இன்கோனல் 625. எளிதில் கிடைக்கும், பற்றவைக்கலாம், 700 டிகிரி தாங்கும். இதன் குறை குரோமியம்: டிரிட்டியம் ஃபுளோரைடு குரோமியத்தைத் தாக்கிக் குரோமியம் ஃபுளோரைடாக்கிவிட்டுத் தான் ஹைட்ரஜன் வடிவத்துக்கு மாறும். அதாவது மூசையே உங்கள் வேதி வடிவத்தை மாற்றும். சுத்தமான நிக்கலில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் சூட்டில் வலு குறைவு. இரண்டில் எதை எடுத்தாலும் முடிவோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

கொள்ளளவு உருகலின் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கட்டும். பொடி உப்பு உருகியதைவிட அதிக இடம் பிடிக்கும்.

இரட்டை உறை கட்டாயம். 600 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் உலோகச் சுவரைத் துளைத்து வெளியே வரும். உட்கலத்தைச் சுற்றி இன்னொரு மூடிய கலம் வைத்து, அதற்குத் தனி வாயு ஓட்டம், தனிக் குப்பி வரிசை கொடுங்கள். உப்பின் மேற்பரப்பு வழியாக வந்தது எவ்வளவு, சுவர் வழியாக வந்தது எவ்வளவு என்று பிரிப்பது இதனால்தான் முடியும். வெளிக்கலத்தைக் குளிர்ச்சியாக வையுங்கள். அதுவும் சூடானால் அதையும் துளைத்துக்கொண்டு போகும்.

சூடாக்கியை வெளியே சுற்றுவதைவிட, மூசையின் நடுவே இறங்கும் மூடிய குழாய்க்குள் வைத்தால் வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், நியூட்ரான் மூலத்தையும் நெருக்கிக் கொண்டுவரலாம். ஆனால் நடுவில் சூடும் ஓரத்தில் குளிர்ச்சியும் உப்பில் சுழற்சியை உண்டாக்கும். அது வெளியேற்றத்தை விரைவாக்கும். ஆகவே வெப்பநிலையை ஒரே இடத்தில் அளந்து ‘உப்பு 650 டிகிரி’ என்று எழுதுவது போதாது. மேல், நடு, அடி என்று மூன்று தெர்மோகப்பிள் வேண்டும்.

உறைந்த உப்பை மறுபடி உருக்கும்போது மேலிருந்து கீழாக உருக்குங்கள். அடியில் முதலில் உருகினால், விரியும் திரவத்துக்கு மேலே கெட்டி மூடி, மூசை பிளக்கும்.

நியூட்ரான் மூலத்தை எங்கே வைப்பது, எத்தனை நியூட்ரான் வந்தது என்று எப்படி அறிவது?

ஜெனரேட்டரின் முகப்பில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். மூடிய குழாயின் விளைச்சல் சில மணி நேரத்திலேயே நகரும். டி.பி.ஆர். என்பது பின்னம், கீழே உள்ள எண் தவறினால் மேலே எவ்வளவு துல்லியமாக எண்ணியும் வீண்.

முதன்மை அளவீட்டுக்கு நியோபியம் தகடு. ஜெனரேட்டர் தரும் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் பட்டு நியோபியம்-92எம் உண்டாகும், அரைவாழ்வு 10.15 நாள், காமா 934 கிலோ எலக்ட்ரான் வோல்ட். வினைத் தொடக்க ஆற்றல் 9 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருப்பதால் சுவரில் பட்டுத் திரும்பிய மெது நியூட்ரானை அது கண்டுகொள்ளாது. அரைவாழ்வு நீளமானது என்பதால் விளைச்சல் ஏறி இறங்கினாலும் கூட்டி வைத்துக்கொள்ளும். ஒப்பீட்டுக்குச் சிர்கோனியம் (78 மணி நேரம், 909 கிலோ எலக்ட்ரான் வோல்ட்) அல்லது அலுமினியம் (சோடியம்-24, 15 மணி நேரம்). நேரத்தோடு மாறும் வீதத்துக்கு வைரக் கண்டறிவான். கார்பனோடு நடக்கும் வினை 8.4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் தனி முகடாகத் தெரியும்.

இடம் துல்லியமாக அளக்கப்பட வேண்டும். மூலத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் 1 மி.மீ. பிழை, பாயத்தில் (பரப்பலகு வழியே நொடிக்குப் போகும் நியூட்ரான் எண்ணிக்கையில்) 4 சதவீதப் பிழை. குழாய்க்குள் இலக்குத் தகடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உற்பத்தியாளரின் வரைபடத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், வெவ்வேறு தூரத்தில் தகடு வைத்துச் சரிபார்க்கவும்.

கணினி மாதிரியில், நியூட்ரான் போகும் வழியைக் கணிக்கும் ‘ஓப்பன்எம்சி’ போன்ற நிரலில், அறையின் கான்கிரீட் சுவர், தரை, மேசை, அருகிலுள்ள தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்க வேண்டும். அங்கே மெதுவாகித் திரும்பும் நியூட்ரானை லித்தியம்-6 விழுங்கி டிரிட்டியம் தரும். காட்மியம் உறையோடு ஒன்று, உறை இல்லாமல் ஒன்று என்று தங்கத் தகடு இரண்டை மூசைக்கருகே வைத்தால் மெது நியூட்ரானின் பங்கு தெரிந்துவிடும்.

ஸ்வீப் வாயுவில் ஹைட்ரஜன் கலக்க வேண்டுமா?

ஸ்வீப் வாயு என்பது உப்பின் மேல் ஓடி, வெளியேறும் டிரிட்டியத்தைக் குப்பிக்கு அள்ளிச் செல்லும் வாயு. கலந்தும் கலக்காமலும் இரண்டும் செய்ய வேண்டும், தனித்தனியாக. சுத்த ஹீலியம் ஓட்டம் உப்பின் இயல்பைக் காட்டும். ஹைட்ரஜன் கலந்த ஓட்டம் டிரிட்டியத்தை வெளியே கொண்டுவரும்.

லித்தியத்திலிருந்து பிறக்கும் டிரிட்டியம் நேர்மின் அயனி. ஃபுளோரைடு உப்பில் அது டிரிட்டியம் ஃபுளோரைடாகும். குளோரைடு கலந்தால் அதற்கேற்ற அமிலமும். இது உப்பில் ஓரளவு கரையும், சுவரில் ஒட்டும், அரிக்கும். ஹைட்ரஜன் இருந்தால் ஐசோடோப்புப் பரிமாற்றம் நடந்து ஹைட்ரஜன்–டிரிட்டியம் வாயுவாக மாறும். இது உப்பில் மிகக் குறைவாகவே கரையும்; ஆகவே விரைந்து வெளியேறும், ஆனால் சுவரையும் எளிதில் துளைக்கும். ‘பேபி’யின் 1 லிட்டர் ஓட்டங்களிலும் ஹைட்ரஜன் சேர்த்ததும் வெளியேற்றம் விரைவானது. ஃபிளைப்பில் பெரிலியம் உலோகத்தையே அமிழ்த்தி அமிலத்தை ஒடுக்கலாம் என்பதை 2001–2007-இல் அமெரிக்க–ஜப்பான் கூட்டுத்திட்டமான ‘ஜூபிட்டர்-2’ ஐடஹோவில் சோதித்துக் காட்டியது.

அளவு: நிமிடத்துக்கு 30 மி.லி. ஹீலியம், அதில் 0.1 சதவீதம் ஹைட்ரஜன். 3 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். காற்றில் 4 சதவீதத்திலிருந்து எரியும். ஓட்டத்தின் நடுவில் ஹைட்ரஜனைத் திறந்து, வெளியேற்றம் தாவுகிறதா என்று பார்ப்பது மிகப் பயனுள்ள சோதனை. தாவினால், அதுவரை எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது என்று பொருள்.

குப்பிகளின் வரிசை எப்படி?

நான்கு குப்பி, நடுவில் ஒரு சூட்டடுப்பு. முதல் இரண்டு குப்பியிலும் 10 மி.லி. தண்ணீர்; வாயு அதற்குள் குமிழியிட்டுப் போகும். டிரிட்டியம் ஃபுளோரைடும் டிரிட்டியம் நீரும் இங்கே கரைந்துவிடும். ஹைட்ரஜன்–டிரிட்டியம் வாயு தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது என்பதால் தப்பிப் போகும். பிறகு 450–500 டிகிரியில் காப்பர் ஆக்சைடோ பல்லேடியம், பிளாட்டினம் வினையூக்கியோ அதை நீராக்கும். அடுத்த இரண்டு குப்பி அந்த நீரைப் பிடிக்கும். முதல் ஜோடி கரையும் வடிவம், இரண்டாம் ஜோடி கரையாத வடிவம். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது குப்பி, முதலாவது தவறவிட்டதைக் காட்டும் சாட்சி. அதில் ஜோடியின் 10 சதவீதத்துக்கு மேல் வந்தால் வாயு ஓட்டம் வேகமாக இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை சில. உலோக வினையூக்கி வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. முதல் ஜோடிக்குப் பிறகு சிறிது உலர்ந்த காற்றைக் கலக்கவும். காப்பர் ஆக்சைடு தன் ஆக்சிஜனையே தரும், ஆனால் தீரும். மேலே சொன்ன 0.1 சதவீத ஓட்டத்தில் நாளுக்கு 0.15 கிராம்தான் செலவாகும். 3 சதவீதமானால் 4.6 கிராம். அதோடு நாளுக்கு 1 கிராம் தண்ணீரும் புதிதாக உண்டாகிக் குப்பியில் சேரும்.

மாறாக, உலர்ந்த வாயு முதல் குப்பியை உலர்த்தும். 25 டிகிரியில் நாளுக்கு ஏறத்தாழ 1 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு, ஆவியாகி அடுத்த குப்பிக்குப் போகும். குப்பிகளை 5 டிகிரித் தொட்டியில் வைத்தால் 0.3 கிராமாகக் குறையும். எப்படியிருந்தாலும் முன்னும் பின்னும் எடை போடாத குப்பியின் எண்ணை நம்ப முடியாது.

கண்ணாடிக் குப்பி, கண்ணாடி வடிதகடு வேண்டாம், ஃபுளோரைடு தின்றுவிடும். உயர் அடர்த்திப் பாலிஎதிலீன் குப்பி நல்லது. மூசையிலிருந்து முதல் குப்பிவரை உள்ள குழாய் குட்டையாகவும், உலோகமாகவும், 100 டிகிரிக்குச் சற்று மேல் சூடாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாயில் டிரிட்டியம் நீர் ஊறி அடுத்த ஓட்டத்தில் வெளியே வரும்.

எண்ணும்போது என்னவெல்லாம் கெடும்?

10 மி.லி. தண்ணீரோடு 10 மி.லி. சிண்டிலேஷன் திரவம், 20 மி.லி. குப்பி. குலுக்கி, ஓர் இரவு இருட்டில் வைத்து, பிறகு எண்ணுங்கள். இருட்டில் வைக்காவிட்டால் வேதி ஒளிர்வு டிரிட்டியம் போலவே குறை ஆற்றல் பகுதியில் நடிக்கும்; முதல் 30 நிமிடத்திலேயே எண்ணிக்கை சரிந்துகொண்டு வந்தால் காரணம் அதுதான். பழைய நிலத்தடித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். மழைத் தண்ணீரில் இயற்கை டிரிட்டியம் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு வெற்றுக் குப்பி, ஒரு தரநிலைக் குப்பி.

குளோரைடு உப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. குளோரின்-35 நியூட்ரான் பட்டுக் கந்தகம்-35 ஆகும். அரைவாழ்வு 87 நாள், பீட்டா 167 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. பாஸ்பரஸ்-32-உம் உண்டாகும். ஒரு துளி உப்பு மூடுபனியாகப் பறந்து குப்பிக்கு வந்தால்கூட எண்ணிக்கை கூடும். டிரிட்டியத்தின் பீட்டா 18.6-இல் முடிந்துவிடும். ஆகவே நிறமாலையை முழுதாகப் பாருங்கள்; 20-க்கு மேல் எண்ணிக்கை இருந்தால் அந்தக் குப்பியைக் காய்ச்சி வடித்து மறுபடி எண்ணுங்கள்.

வெளியேறும் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

எளிய மாதிரி போதும். உப்பு நன்றாகக் கலந்திருக்கிறது என்று கொண்டால், உப்பிலுள்ள டிரிட்டியம் = பிறப்பது − மேற்பரப்பில் போவது − சுவரில் போவது. கதிர்வீச்சு நின்றபின் அடுக்குக்குறி வடிவில் இறங்கும். மேற்பரப்பு மட்டுமே வழியென்றால் காலமாறிலி என்பது உப்பின் ஆழத்தை நிறைப் பரிமாற்றக் கெழுவால் வகுத்தால் வருவது. ஆழம் 5 செ.மீ., கெழு நொடிக்கு 2 × 10⁻⁷ மீட்டர் என்று வைத்தால் 2.9 நாள். ஆகவே 12 மணி நேரக் கதிர்வீச்சுக்குப் பிறகு குறைந்தது பத்து நாள் சேகரிக்கத் திட்டமிடுங்கள்.

கூட்டுத்தொகை வளைவு பார்க்க அழகாக இருக்கும், பொருத்துவதற்கு உதவாது; ஒவ்வொரு புள்ளியின் பிழையும் முந்தையதைச் சுமந்துகொண்டு வரும். ஒவ்வொரு குப்பி இடைவெளியின் அளவையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். மடக்கைத் தாளில் நேர்க்கோடு வராமல் இரண்டு சரிவு தெரிந்தால், ஒன்று உப்பு, மற்றொன்று பெரும்பாலும் குழாய்ச் சுவர்.

கணக்கிட்டதைவிடக் குறைவாக வருகிறது. எங்கே தேடுவது?

முதலில் வெளிக்கலத்தின் குப்பிகள். அடுத்து வினையூக்கி: தற்காலிகமாக வரிசையின் முடிவில் இன்னொரு அடுப்பும் குப்பியும் சேர்த்துப் பாருங்கள், அங்கே டிரிட்டியம் வந்தால் முதல் அடுப்பு பலவீனம். அதன்பின் ஓட்டத்தின் முடிவில் வெப்பநிலையை 50 டிகிரி உயர்த்தி ஹைட்ரஜனை 3 சதவீதமாக்கி இரண்டு நாள் ஓட்டுங்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் கசிவு. உள்ளே போகும் வாயு ஓட்டத்தையும் கடைசிக் குப்பிக்குப் பின் வரும் வாயு ஓட்டத்தையும் ஒப்பிடுங்கள். 30-இல் 2 மி.லி. குறைந்தாலே 7 சதவீதம் போயிற்று.

அதிகமாக வந்தால்?

மகிழ்ச்சி அடையாதீர்கள். மூடிய குழாய் ஜெனரேட்டருக்குள்ளேயே பல பத்து கிகா பெக்கரல் டிரிட்டியம் இருக்கிறது. நீங்கள் தேடுவதைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். துளியிலும் துளி கசிந்தாலும் முடிவு பொய். அதனால் உப்பில்லாத மூசையோடு, ஜெனரேட்டர் ஓட, அதே வாயு, அதே அடுப்பு, அதே நாட்கள் என்று ஒரு வெற்று ஓட்டம் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஜெனரேட்டர் ஓடாமல் உப்பு மட்டும் சூடாக இருக்கும் ஓட்டம் இன்னொன்று. அது முந்தைய ஓட்டங்களின் எச்சத்தைக் காட்டும். இந்த இரண்டையும் செய்யாமல் வெளியிடப்படும் டி.பி.ஆர். எண்ணை நாம் ஏற்க வேண்டியதில்லை.

100 மி.லி.யில் கிடைத்ததை 1 டன்னுக்கு நீட்டலாமா?

டி.பி.ஆரை நீட்ட முடியாது, கணினி மாதிரியைத்தான் நீட்ட முடியும். சிறு சோதனை அந்த மாதிரியைச் சரிபார்க்கவே. நிறைப் பரிமாற்றக் கெழுவும் அப்படியே வராது. ஆழம் கூடினால் காலமாறிலி கூடும், ஆனால் பெரிய தொட்டியில் சுழற்சியும் வலுப்படும். மேற்பரப்பு–கொள்ளளவு விகிதத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி, அதே உப்பை இரு வேறு விட்டமுள்ள மூசைகளில் ஓட்டினால், எந்தப் பரப்பு ஆள்கிறது என்பது தெரியும். உபகரணங்களுக்குச் செலவு குறைவு. செய்பவர்கள் ஏனோ குறைவு.

ஆபத்து எங்கே?

உப்பில் உண்டாகும் டிரிட்டியத்தில் இல்லை, அது சில பெக்கரல்தான். நொடிக்கு 10⁸ நியூட்ரான் தரும் மூலத்தின் அருகே 1 மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 1.5 மில்லிசீவெர்ட். கதவுப் பூட்டோடு இணைந்த மின்துண்டிப்பு, கான்கிரீட் அல்லது போரான் கலந்த பாலிஎதிலீன் தடுப்பு, இரவில் ஆளில்லாமல் ஓடும்போது வெப்ப எல்லையில் தானே அணையும் சுற்று, இவை இல்லாமல் ஆரம்பிக்க அனுமதியே கிடைக்காது. அடுத்தது 600 டிகிரி உப்பின் மேல் தண்ணீர்: குப்பித் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு மூசைக்குள் போனால் நீராவி வெடிப்பு. உலை குளிரும்போது வாயு சுருங்கி இது நடக்கும். மூசைக்கும் முதல் குப்பிக்கும் இடையே ஒரு காலிக் குப்பியும் ஒருவழி வால்வும் வையுங்கள். குளிரும் வேளையில் ஹீலியத்தை நிறுத்தாதீர்கள்.

நியூட்ரான் மூலம் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

வெளியேற்ற இயற்பியலின் பாதியை டியூட்டீரியத்தாலேயே பார்த்துவிடலாம். அதே இரட்டை உறை, அதே உப்பு. அடியிலிருந்து டியூட்டீரியம் வாயுவைத் தெரிந்த அழுத்தத்தில் கொடுத்து, மேலேயும் வெளி உறையிலும் வருவதை நான்முனை நிறைநிரலியில் அளந்தால் கரைதிறன், விரவல், சுவர் ஊடுருவல் மூன்றும் கிடைக்கும். கதிர்வீச்சு அனுமதி தேவையில்லை, ஓட்டம் ஒரு நாளில் முடியும். டிரிட்டியத்துக்கு மாற்றும்போது விரவலுக்கு நிறையின் வர்க்கமூல விகிதத்தை முதல் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காதது ஒன்று: டிரிட்டியம் அயனியாகப் பிறக்கும்போது எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. வாயுவாக உள்ளே போன டியூட்டீரியம் வாயுவாகவே வெளியே வரும். நுண் அளவில் எப்படி நடக்கும் என்பதும் இதில் தெரியாது. டியூட்டீரியத்தை நூற்றுக்கணக்கான பாஸ்கல் அழுத்தத்தில் கொடுப்போம், கதிர்வீச்சில் உண்டாகும் டிரிட்டியத்தின் அழுத்தமோ அதைவிடப் பல கோடி மடங்கு குறைவு. அந்தக் குறை அழுத்தத்தில் சுவரின் ஆக்சைடுப் படலமே ஊடுருவலை ஆளும். அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்ற பழக்கமான விதியும் அங்கே பொருந்தாமல் போகலாம்.